கவரில் போட ஒரு பெயர்

மரியசெல்வத்தின் பெயர் அதுவரை அச்சில் வந்தது இரண்டே இடங்களில்தான். ஒன்று ரேஷன் கார்டு. அதில் மரியசெல்வி என்று போட்டுவிட்டு, பாலினம் என்ற இடத்தில் மட்டும் ஆண் என்று சரியாகப் போட்டிருந்தார்கள். இன்னொன்று அவருடைய கல்யாணப் பத்திரிகை. அதில் மரியசெல்வன். பத்திரிகையைத் திருத்தி அடிக்க நாள் இல்லை. ரேஷன் கார்டைத் திருத்த மூன்று முறை அலைந்தார், நாலாவது முறை போகவில்லை. "செல்வியா இருந்தா என்ன, அரிசி போடுறாங்கள்ல" என்று மனைவி ஷர்லி சொன்னதோடு அந்த விவகாரம் முடிந்தது.

மற்றபடி இருபத்தாறு வருஷமாக டிரம்பெட் ஊதுகிறார். புதுக்கோட்டையில் வெற்றி பேண்டு செட் என்றால் கல்யாணக்காரர்களுக்குத் தெரியும். பெரிய டிரம்மில் வட்டமாக அந்தப் பெயரும், நடுவில் ஓனரின் செல்போன் நம்பரும் எழுதியிருக்கும். ஊதுகிறவன் பெயரை டிரம்மில் எழுதும் வழக்கம் எந்த செட்டிலும் கிடையாது. கல்யாண வீட்டில் "டிரம்பெட்டு, இங்கிட்டு வாங்க" என்பார்கள். சாவு வீட்டில் அதுகூடக் கிடையாது, கையைக் காட்டினால் போய் நிற்க வேண்டியதுதான். இதிலெல்லாம் அவருக்கு வருத்தம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். பொய். நிறையவே உண்டு.

அதனால்தான், தான் வாசித்த ஒரு ஆல்பம் வெளிவரப் போகிறது, அதன் அட்டையில் வாசித்தவர்கள் பெயரெல்லாம் வரும் என்று தெரிந்த நாளிலிருந்து மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு தடவையாவது தன் பெயர் பிழையில்லாமல் அச்சில் வர வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அந்த ஆல்பத்தில் அவர் நுழைந்த கதை போன தை மாதம் நடந்தது.

உடையப்பன் சென்னையில் பியானோ வாசிக்கிறவர். ஜாஸ். நாற்பது வயது இருக்கும். திருமயத்துக்குப் பக்கத்து ஊரில் அவருக்கும் பங்காளிகள் பத்துப் பேருக்கும் பொதுவான பெரிய வீடு ஒன்று உண்டு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும். வீட்டு நடுவில் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றமான வளவில் ஓசை நன்றாக நிற்கிறது, ஸ்டூடியோவில் இது கிடைக்காது என்று சொல்லி, பியானோவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். மூன்று நாளில் ஆல்பத்தைப் பதிவு செய்வதாகத் திட்டம். கூட இரண்டு பேர். வைஷ்ணவி, தன்னைவிட உயரமான டபுள் பாஸை நின்றபடி வாசிக்கிற பெண். போன் பேசுவது, ஆட்களைப் பிடிப்பது, ரிலீஸ் வேலை எல்லாம் அவள் தலையில்தான். இன்னொருவன் அருண், டிரம்ஸ்.

இரண்டாம் நாள் காலை பதிவு நடந்துகொண்டிருந்தபோது மைக்கில் ஒரு டிரம்பெட் சத்தம் வந்து விழுந்தது. அடுத்த தெருவில் அறுபதாம் கல்யாணம். ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார்களே என்று அருண் தலையில் கை வைத்தான். உடையப்பன் காதில் மாட்டியிருந்த ஹெட்போனை உடனே கழற்றவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதைக் கழற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தம் வந்த பக்கம் நடந்தார்.

பந்தல் வாசலில் நின்று ஊதிக்கொண்டிருந்தவர் மரியசெல்வம். சொந்தக்காரர்களின் பஸ் இன்னும் வந்து சேரவில்லை. சும்மா நின்றால் ஓனர் முறைப்பார். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனதால் மனதில் வந்ததை ஊதிக்கொண்டிருந்தார். அவருடைய வழக்கம் அது. யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்துத்தான் அப்படி ஊதுவார்.

"அண்ணே, மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் வாசிப்பீங்களா?" என்றார் உடையப்பன்.

"ஓனரக் கேட்டுக்கங்க சார். நான் சாப்பிட்டுட்டு வாரேன்."

சாப்பிட்டுவிட்டு வந்தார். சிவப்புக் கோட்டும் தோளில் தங்க ஜரிகைக் குஞ்சமுமாக வளவில் வந்து நின்றவரைப் பார்த்து வைஷ்ணவிக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

"என்ன பாட்டுங்க?" என்று கேட்டார் மரியசெல்வம்.

"பாட்டு இல்லண்ணே. நான் நாலு நோட்டு வாசிப்பேன். அதப் புடிச்சுக்கிட்டு ஒங்க இஷ்டத்துக்குப் போங்க. திரும்பி வாரப்ப நான் அங்கனயே இருப்பேன்."

"எம்புட்டுத் தூரம் போகலாம்?"

"மூச்சு இருக்க வரைக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு அனுமதியை அவருக்கு யாரும் தந்ததில்லை. ஆனாலும் முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. அருண் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணா, நீங்க ஒவ்வொரு தடவையும் லேட்டா வர்றீங்க."

மரியசெல்வத்துக்குச் சுருக்கென்றது. "லேட்டு இல்லீங்க தம்பி. ஊர்வலத்துல நாங்க முன்னாடி போவோம், பெரிய டிரம்மு முப்பதடி பின்னாடி வரும். அந்தச் சத்தம் வந்து சேர ஒரு இம்மி ஆகும். அது வார வரைக்கும் நிப்பேன். நிக்காம நான் பாட்டுக்குப் போனா ஊர்வலம் ரெண்டாப் பிஞ்சுரும்."

அருண் சிரித்தான். உடையப்பன் சிரிக்கவில்லை. எழுந்து, வளவிலிருந்து வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டு முற்றம்வரை அடி வைத்து அளந்துகொண்டே போனார். முப்பது அடி வந்த இடத்தில் நின்றார். "அருண், ஒன் டிரம்ஸத் தூக்கிட்டு இங்க வந்துரு. அண்ணே எப்படி வாசிக்கிறாரோ அப்படியே வாசிக்கட்டும்."

அப்படித்தான் பதிவானது. பியானோவும் பாஸும் டிரம்பெட்டும் வளவில், டிரம்ஸ் இரண்டாம் கட்டில். ஒன்பது நிமிஷம். நடுவில் ஒரு புறா சிறகடித்தது, அதுவும் சேர்ந்து பதிவானது. முடிந்ததும் அருண் உள்ளேயிருந்து எழுந்து வந்து மரியசெல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குள் வாசலில் பேண்டு செட் வேன் ஆரன் அடிக்க, அவர் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. வைஷ்ணவி பின்னாலேயே ஓடிவந்து போன் நம்பர் வாங்கி, 'டிரம்பெட் புதுக்கோட்டை' என்று பதிந்துகொண்டாள்.

பெயரை யாரும் கேட்கவில்லை. வேனில் உட்கார்ந்த பிறகுதான் மரியசெல்வத்துக்கு அது உறைத்தது. தானாகச் சொல்லியிருக்கலாம். கேட்காதவர்களிடம் போய்ச் சொல்வானேன் என்று ஒரு வீம்பு. அந்த வீம்பு அவருக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஆடி மாதம் வைஷ்ணவியிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. அவர் அப்போது அறந்தாங்கியில் ஒரு கடைத் திறப்பு விழாவில் இருந்தார். ஒரு காதில் டிரம் சத்தம், இன்னொரு காதில் போன்.

"அண்ணா, ஆல்பம் ஆவணில ரிலீஸ். எல்பி ரெக்கார்டா முன்னூறு போடுறோம். வாசிச்சவங்க எல்லாரோட பேரும் வரும். கவர்ல போடுறதுக்குப் பேர் எப்படி எழுதணும்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் டைப் பண்ணி அனுப்பிடுங்க. ஸ்பெல்லிங் தப்பாயிடக் கூடாது, அதான் உங்களையே கேக்குறேன்."

இதை மறுபடி ஒரு முறை நிதானமாகக் கேட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மரியசெல்வம் கேட்கவில்லை. வாசித்தவர்கள் பெயர் வரும் என்றதுமே மனசு நிறைந்துவிட்டது. 'கவர்' என்று அவள் சொன்னது அவர் காதில் தபால் கவராக விழுந்தது. அவருக்குத் தெரிந்த கவர் அதுதான். ரெக்கார்டைப் பார்சல் போடப் போகிறார்கள், அதற்குத்தான் கேட்கிறார்கள்.

பார்சல் என்றால் மரியசெல்வம் இருக்கும் சந்தில் ஒரு நடைமுறை உண்டு. சந்தில் பதினாலு வீடு. கதவு நம்பர் பழையது ஒன்று, புதியது ஒன்று, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. கூரியர்காரர்கள் ஒருதடவை சுற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். சந்து முனையில் ஹனீபா பாயின் நூர் வாடகை நிலையம் இருக்கிறது. பிரியாணி அண்டா, கரண்டி, பிளாஸ்டிக் சேர், ஷாமியானா எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பாய் காலையில் கடை திறந்தால் ராத்திரிவரை அங்கேயேதான் இருப்பார். முன்பெல்லாம் பார்சலில் அவரவர் பெயரைப் போட்டு, கீழே பாய் கடை விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். பெயர்க்காரர் கையெழுத்து வேண்டும், ஓடிபி வேண்டும் என்று கூரியர் பையன்கள் அடம்பிடிக்க ஆரம்பித்ததும் பாய்க்கு அலுத்துவிட்டது. "எல்லாரும் எம் பேரயே போட்டுத் தொலைங்கப்பா. எனக்கே ஓடிபி வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்தச் சந்துக்கு வரும் சேலை, செருப்பு, மருந்து, பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் ஹனீபா பெயரில்தான் வந்தன.

ஆகவே மரியசெல்வம் யோசிக்காமல் டைப் செய்தார். 'ஹனீபா. HANEEFA.' அடுத்த செய்தியில் கடை விலாசமும் பாயின் போன் நம்பரும். வைஷ்ணவி கட்டை விரலைக் காட்டிப் பதில் போட்டாள்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. பெயர் 'இரண்டாம் கட்டு'. ஷர்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் போனில் தேடி எடுத்து, சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். நாலாவதாக அந்தப் பாட்டு இருந்தது. தலைப்பு 'முப்பதடி'. பியானோ நாலு சுரம் வாசித்துவிட்டு விலகிக்கொள்ள, டிரம்பெட் மெல்ல நடந்து வந்தது. ரசம் ஊற்றப் போன ஷர்லி கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இது நீங்களா?"

"ஆமா."

"அழுதுக்கிட்டே வாசிச்சீங்களா?"

"இல்ல, அறுபதாம் கல்யாணத்துல சாப்பிட்டுட்டு வாசிச்சேன்."

அவள் ஒன்பது நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் வாசித்து அவள் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. போனில் அவள் திறந்த பக்கத்தில் உடையப்பன் பெயர் மட்டும்தான் தெரிந்தது. "மத்த பேரெல்லாம் ரெக்கார்டு அட்டையில இருக்கும்" என்றார் மரியசெல்வம். பேண்டு செட் ஆட்களிடமும், கோயிலில் பாதரிடமும் அவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். அட்டையில் பேர் வருது, வந்ததும் காட்டுறேன்.

புதன்கிழமை பார்சல் வந்தது. தகவல் சொல்லிப் போன் செய்த பாயின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "செல்வம், கொஞ்சம் கடைக்கு வா."

பார்சல் பிரிந்து கிடந்தது. தன் பெயரில் வருவதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பாய்க்குக் கிடையாது. உடைகிற சாமானாக இருக்குமோ என்று இன்றைக்குப் பிரித்திருக்கிறார். பெரிய சதுர அட்டை. முன்பக்கம் வளவுத் தூண்களின் படம். பாய் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் விரலை வைத்தார். பியானோ, உடையப்பன். டபுள் பாஸ், வைஷ்ணவி. டிரம்ஸ், அருண். டிரம்பெட், ஹனீபா. கீழே அதுவே இங்கிலீஷில். ஸ்பெல்லிங்கில் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

"நான் எப்பய்யா ஊதுனேன்?" என்றார் ஹனீபா.

மரியசெல்வம் அட்டையை வாங்கி மறுபடி முன்பக்கம் பார்த்தார், மறுபடி பின்பக்கம் பார்த்தார். பாய் விடாமல் கேட்டதால் போனை எடுத்து அந்தக் குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். 'கவர்ல போடுறதுக்கு' என்ற இடம் வந்ததும் பாய் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"யோவ், அந்தப் புள்ள சொல்ற கவர் இந்த அட்டைய்யா. நீ தபால் கவருன்னு நெனச்சுட்டியா?"

"ம்."

பாய்க்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. மரியசெல்வத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. "சரி விடு. போனப் போட்டு இப்பவே சொல்லிருவோம்."

"வேணாம் பாய்."

"ஏன் வேணாம்?"

"முன்னூறும் அடிச்சிட்டாங்க. பேரு குடுத்தது நான். இப்பப் போயி, அது எம்பேரு இல்ல, பக்கத்துக் கடைக்காரர் பேருன்னு எந்த வாயால சொல்றது? பேண்டு செட்டுக்காரனுக்குத் தம் பேரக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலன்னு சிரிப்பாங்க. நீங்களும் சொல்லக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். வேணும்னா வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

வீட்டுக்கு வந்து ரெக்கார்டை பீரோவுக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் வைத்தார். ஷர்லி எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், அவர் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம்.

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியில் ஓய்வாக இருந்தபோது ஷர்லி ஒரு இணையதளத்தைக் கண்டுபிடித்தாள். மாதாமாதம் வெளியாகும் புது ஜாஸ் ஆல்பங்களைப் பற்றியும் அவற்றில் வாசிக்கிறவர்களைப் பற்றியும் இங்கிலீஷில் எழுதுகிற தளம். 'இரண்டாம் கட்டு' பற்றி எட்டு வரி. அதில் மூன்று வரி டிரம்பெட்டைப் பற்றி. காட்டலாமா வேண்டாமா என்று நாள் முழுவதும் யோசித்துவிட்டு, மறைக்க மனசில்லாமல் வீட்டில் தமிழில் சொன்னாள். "இந்த ஆல்பத்தை வாங்க நாலாவது பாட்டு ஒன்றே போதும். தாளத்துக்காகக் காத்து நிற்கும் இந்த டிரம்பெட்டை இதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை. ஹனீபா யார், இத்தனை நாள் எங்கே இருந்தார்?"

"அண்டா வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தாரு" என்றார் மரியசெல்வம்.

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கு ஹனீபா மேல் பொறாமையாக இருந்தது. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் மேல் பொறாமைப்படுகிறோமே என்று தன் மேலேயே ஆத்திரமாகவும் இருந்தது. நாலைந்து நாள் சந்து முனை வழியாகப் போகாமல், பின்பக்கம் சாக்கடையை ஒட்டிச் சுற்றிப் போனார். கடைக்குள் உட்கார்ந்திருந்த பாய்க்கு அது தெரியாமல் இல்லை. பாய்க்கும் திண்டாட்டம்தான். எங்கிருந்தோ நம்பரைப் பிடித்து ஒரு பத்திரிகைக்காரர் போன் செய்து, எத்தனை வயதில் வாசிக்க ஆரம்பித்தீர்கள் என்று கேட்டாராம். சேர் எத்தனை வேணும் என்று பாய் திருப்பிக் கேட்டாராம்.

இதற்கிடையில் வைஷ்ணவி அழைத்தாள். வருகிற ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, பதிவு செய்த அதே வீட்டில் ஆல்பம் அறிமுகம். சொந்தக்காரர்களும் சென்னையிலிருந்து நாற்பது பேரும் வருகிறார்கள். "முப்பதடி நீங்க இல்லாம முடியாதுண்ணா. அப்புறம், நூறு சேர் வேணும், அங்க யாரையும் தெரியல."

"எங்க தெரு முக்குல ஒரு கடை இருக்குங்க. நானே சொல்லிடுறேன்" என்றார். கடைக்காரர் பெயரைச் சொல்லவில்லை.

ஷர்லி சனிக்கிழமை இரவே கேட்டுவிட்டாள். "இப்பவாச்சும் சொல்லுவீங்களா?"

"வாசிச்சது நான்னு கேக்குறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். பேரு என்ன பேரு."

"ரேஷன் கார்டுக்கு மூணு தடவ அலைஞ்சவரு பேசுற பேச்சா இது?"

அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்புக் கோட்டு போடவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். பாயின் வேன் காலையிலேயே சேர்களோடு போய்விட்டது. வளவில் நாலு பக்கமும் வெள்ளைச் சேர்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பச்சைப் பெயிண்டில் 'நூர்' என்று எழுதியிருந்தது. தொலையாமல் இருக்க பாய் தன் கையாலேயே எழுதியது. டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே மரியசெல்வம் அந்தச் சேர்களைப் பார்த்தார். வாடகைச் சேருக்குக்கூட முதுகில் பெயர் இருக்கிறது என்று நினைத்தார். ஊதப் போகிற நேரத்தில் இந்த நினைப்பு நல்லதில்லை என்று இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

ஷர்லி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். ஹனீபா பாய் இரண்டாம் கட்டில், அருணின் டிரம்ஸுக்குப் பக்கத்தில், மிச்சச் சேர்களை அடுக்கி வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். சேர் போட்டால் தன் சோலி முடிந்தது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நாலாவதாக முப்பதடி. உடையப்பன் நாலு சுரத்தை வைத்துவிட்டு விலகிக்கொண்டார். மரியசெல்வம் உள்ளே வந்தார். அன்றைக்குப் போன அதே வழியில் அவர் போகவில்லை. வேறு எங்கெங்கோ போனார், சுற்றிக்கொண்டு போனார், ஒவ்வொரு வளைவிலும் பின்னால் டிரம் வந்து சேரும்வரை நின்றார். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டார். டிரம் வந்ததும் மறுபடி காலை எடுத்து வைத்தார். பதினோரு நிமிஷம் ஆயிற்று. முடிந்ததும் உடையப்பனின் சித்தப்பா ஒருவர், ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர், எழுந்து நின்று கை தட்டினார்.

உடையப்பன் மைக்கை எடுத்தார். "எங்க பாட்டுல ஒரு பழக்கம் உண்டுங்க. வாசிச்சு முடிச்சதும் யாரு யாரு என்ன வாசிச்சாங்கன்னு பேரச் சொல்லி, ஒவ்வொருத்தருக்கும் தனியாக் கை தட்டணும். டபுள் பாஸ், வைஷ்ணவி." கை தட்டினார்கள். வைஷ்ணவி தலை குனிந்தாள். "டிரம்ஸ், அருண்." இரண்டாம் கட்டிலிருந்து அருண் ஒரு தட்டுத் தட்டினான். "டிரம்பெட், நம்ம புதுக்கோட்டை ஹனீபா அண்ணே."

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக வந்தது. கையை உயர்த்தி வணங்கிவிட்டு உட்கார்ந்துவிடுவது என்று மரியசெல்வம் வீட்டிலேயே முடிவு செய்திருந்தார். கை எழவில்லை. டிரம்பெட்டைப் பிடித்தபடி நின்றார். ஷர்லி கை தட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். கைதட்டல் ஓய்ந்தது. அப்போதும் அவர் அப்படியே நின்றார், பின்னாலிருந்து டிரம் வருவதற்கு நிற்பது போல.

"நான் இங்கிட்டு இருக்கேன்" என்று இரண்டாம் கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். ஹனீபா பாய் எழுந்து நின்றிருந்தார்.

"ஹனீபா நாந்தான். சேரு கொண்டாந்தவன். எனக்குப் பீப்பீகூட ஊதத் தெரியாது. பார்சல் வாரதுக்கு எம்பேர எழுதிக் குடுத்திருக்காரு, நீங்க அத அட்டையில அடிச்சிட்டீங்க. சொல்லாதேன்னாரு, பத்து நாளா வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். அவருக்குக் கெடைச்ச கைதட்ட நான் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயி எப்படிச் சோறு திங்கிறது?"

யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். உடையப்பனுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் முகம் செத்துவிட்டது.

"அப்ப இவரு பேரு என்ன?" என்றார்.

"அத அவரையே கேளுங்க" என்றார் ஹனீபா. "நான் சொன்னா நல்லா இருக்காது."

உடையப்பன் மைக்கோடு மரியசெல்வத்தின் பக்கம் வந்தார். நாற்பது வயது மனுஷர், பரீட்சையில் தப்பாக எழுதி மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார். "எட்டு மாசம் ஆச்சுண்ணே. ஒங்க வாசிப்பக் கேக்காத நாள் இல்ல. பேரக் கேக்கல. தப்பு என் மேலதான். ஒங்க பேரு என்னண்ணே?"

மரியசெல்வம் மைக்கைப் பார்த்தார். அதில் இதுவரை ஊதித்தான் பழக்கம், பேசியதில்லை.

"மரியசெல்வம்."

வளவைச் சுற்றிப் போய் அந்தப் பெயர் அவரிடமே திரும்பி வந்தது. அது போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, மறுபடி மைக்குக்குக் கிட்டே வந்தார்.

"செல்வி இல்லீங்க, செல்வனும் இல்ல. கடைசில 'ம்' வரும்."

முதல் வரிசையில் ஷர்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளைக் கேட்டால்தான் தெரியும். உடையப்பன் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக நிதானித்து, "டிரம்பெட், மரியசெல்வம்" என்றார். மறுபடி கைதட்டல் எழுந்தது. இந்த முறை அவர் கை உயர்ந்தது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது வைஷ்ணவி அவரிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "சாரிண்ணா. ஆன்லைன்ல இன்னைக்கே மாத்திடுறேன். அடிச்ச கவர் எல்லாத்தையும் என்ன பண்றதுன்னு உக்காந்து யோசிக்கிறோம், அது எங்க வேலை. மொதல்ல இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

அவள் போனை நீட்டினாள். 'டிரம்பெட் புதுக்கோட்டை' என்று இருந்த இடத்தில் புதிதாக டைப் செய்திருந்தாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்ததால் மரியசெல்வம் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி எழுத்தில் புள்ளி இருக்கிறதா என்று கிட்டே கொண்டுவந்து ஒருமுறை பார்த்தார். இருந்தது.

"சரியா இருக்கும்மா" என்றார். போனைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.